சொட்டு மருந்து போட்டும் கால் விழுந்தால்: குழந்தைகளின் கில்லன் பாரே (ஜிபிஎஸ்) வாதமும் அதற்குப் பிந்தைய மாதங்களும்

நேற்று வரை தெருவில் ஓடிய குழந்தை இன்று காலை பாயிலிருந்து எழும்போது தொய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கால் வலிக்கிறது என்று அழுகிறது, படி ஏற மறுக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போயிருக்கும். அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவார்கள். மறுநாள் தொடை தளரும், அதற்கும் மறுநாள் கை தளரும். அப்போதுதான் 'வாதம்' என்ற பேச்சு எழுகிறது. சொட்டு மருந்து ஒரு தவணைகூட விடவில்லையே என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கிறது.

சொட்டு மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. இந்தியாவில் காட்டுப் போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தை முடங்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் போலியோ ஒழிந்ததற்குச் சான்று தந்தது. இன்று ஒரு குழந்தைக்கு இரண்டு காலும் திடீரென்று தொய்ந்தால், பெரும்பாலும் காரணம் கில்லன் பாரே நோய், சுருக்கமாக ஜிபிஎஸ். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும் அபூர்வ நோய்தான். ஆனால் வந்த வீட்டில் அடுத்த ஒன்றரை இரண்டு ஆண்டுகளை அதுவே நடத்தும்.

வட ஆற்காட்டுக்கு, அதாவது வேலூர்ப் பகுதிக்கு, வாதம் புதிதல்ல. 1967இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோயறிவதற்கான வைரஸ் ஆய்வகத்தைத் தொடங்கிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், சொட்டு மருந்து மூன்று தவணை பெற்ற பல குழந்தைகளுக்கு முதல் வகை, மூன்றாம் வகைப் போலியோ வைரஸ்களுக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்று காட்டினார். அதிகத் தவணை தேவை, ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்ற கருத்துகள் வேலூர் அனுபவத்திலிருந்து வலுப்பெற்றன. அந்தக் காலத்தின் எச்சரிக்கை உணர்வு இன்னும் ஒரு விதியாகத் தொடர்கிறது: 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கையோ காலோ தொய்ந்தால், அது ஜிபிஎஸ் என்று மருத்துவருக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், அரசுக்குத் தகவல் போக வேண்டும். குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், கால் விழுந்த 14 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, சுமார் 8 கிராம். போலியோ வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. 60 நாள் கழித்துக் குழந்தையை மறுபடி பார்க்க ஆள் வரக்கூடும். குடும்பத்தின் மீது சந்தேகப்பட்டுச் செய்வதல்ல இது. குழந்தை ஐசியுவில் இருக்கும்போது மலம் எதற்கு என்று சலித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள். ஜிபிஎஸ் குழந்தைக்கு மலச்சிக்கல் சகஜம் என்பதால் முதல் நாளே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

உடம்பில் நடப்பது என்ன? வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் போன்ற கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள், நரம்பின் மேல்பரப்பையும் அதே கிருமி என்று தவறாக அடையாளம் கண்டு தாக்குகிறது. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போல நரம்புக்கு மயலின் உறை உண்டு. ஒரு வகை ஜிபிஎஸ்ஸில் உறை மட்டும் உரிகிறது, இன்னொரு வகையில் உள்ளிருக்கும் கம்பியே சேதமாகிறது. உறை வாரங்களிலோ சில மாதங்களிலோ மறுபடி உருவாகிவிடும். கம்பி அறுந்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எட்டு வயதுக் குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை நரம்பு முக்கால் மீட்டர் நீளம் இருக்கலாம். கணக்குப் போட்டால் இரண்டு ஆண்டு. தொடை வந்துவிட்டது, பாதம் மட்டும் ஏன் இன்னும் தொங்குகிறது என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நரம்பு கடத்தும் வேகத்தை அளக்கும் பரிசோதனையில் எந்த வகை என்று ஓரளவு தெரியும். அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் பலமுறை கேட்பார்கள்.

கால் விழுவதெல்லாம் ஜிபிஎஸ் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புட்டத்தில் ஊசி போட்ட பிறகு ஒரே கால் மட்டும் தொய்ந்தால், ஊசி நரம்பில் பட்டிருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே தொடுவுணர்வு கோடு போட்டது போல நின்றுவிட்டால் முதுகுத்தண்டு அழற்சி. அன்றே எம்ஆர்ஐ வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் கைகால் விழும், அதைச் சரிசெய்தால் சில மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மறக்கக் கூடாத ஒன்று கட்டுவிரியன். தரையில் பாய் போட்டுப் படுத்த குழந்தையை இரவில் அது கடித்தால் வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, அதன் பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. ஜிபிஎஸ் பெரும்பாலும் காலிலிருந்து மேலேறும், பாம்பு விஷம் கண்ணிலிருந்து கீழிறங்கும். இமை தொங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

ஆஸ்பத்திரியில்

ஜிபிஎஸ்ஸில் உயிருக்கு ஆபத்து மூச்சுத் தசையால் வருகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் பலவீனம் உச்சத்தைத் தொடும். எப்படியும் நான்கு வாரத்துக்குள் நின்றுவிடும். அதுவரை குழந்தையின் குரல், இருமல், விழுங்குதல் மூன்றையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணத் தெரிந்த குழந்தை என்றால் ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறது என்று காலை மாலை பாருங்கள். நேற்று 20 வரை எண்ணியது இன்று 12இல் நின்றால், அந்த இறக்கத்தைச் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதியடைவது பெரிய தவறு. மூச்சுத் தசை களைத்துக் கைவிடும் கடைசிக் கட்டம் வரை அந்த எண் இறங்காது. இதனால்தான் நடக்க முடிகிற குழந்தையைக்கூட மருத்துவர்கள் படுக்கையில் சேர்க்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

மருந்து இம்யூனோகுளோபுலின், சுருக்கமாக ஐவிஐஜி. மொத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 20 கிலோ குழந்தைக்கு 40 கிராம், அதாவது 5 கிராம் குப்பி எட்டு. நாளுக்கு 8 கிராமாக ஐந்து நாள் ஏற்றுவது வழக்கம், சில இடங்களில் இரண்டு நாளில் முடிப்பார்கள். ஏறும்போது குளிர் நடுக்கமோ தலைவலியோ வந்தால் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சைக்கும் ஏறக்குறைய அதே பலன் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட வேண்டியிருப்பதால் ஐவிஐஜியையே முதலில் எடுக்கிறார்கள். ஸ்டீராய்டு ஜிபிஎஸ்ஸுக்குப் பயன்படாது. இது மலிவான மருந்து என்பதால் யாராவது யோசனை சொல்லக்கூடும், கேட்க வேண்டாம். ஐவிஐஜி விலை அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கவுன்ட்டருக்குச் சேர்த்த அன்றே ஒருவர் போய், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு பேச வேண்டும். பணம் கட்டி மருந்து ஏற்றிய பிறகு அனுமதி கேட்டால் சிக்கல்.

இன்னொன்று அடிக்கடி விடுபடுகிறது. இந்த அளவு ஐவிஐஜி ஏற்றிய பிறகு 11 மாதத்துக்கு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி, அதாவது எம்ஆர், போட்டாலும் சரியாகப் பிடிக்காது. ஏறிய எதிர்ப்பொருளே தடுப்பூசி வைரஸை அழித்துவிடும். தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி, கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியில் மூச்சைக் காப்பாற்றுகிறார்கள். காலைக் காப்பாற்றுவது அடுத்த பல மாதங்கள் வீட்டில் நடக்கிற வேலை, நம் குடும்பங்கள் கோட்டைவிடுவதும் பெரும்பாலும் இங்கேதான். பெரியவர்களைவிடக் குழந்தைகள் நன்றாகத் தேறுவார்கள். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் துணையின்றி நடந்துவிடுவார்கள். ஆனால் நரம்பு திரும்பி வரும் நேரத்தில் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநார் சுருங்கி இறுகியிருந்தால், வந்த பலத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குழந்தை நுனிக்காலில் நடக்கும், முட்டியைப் பின்னுக்குத் தள்ளும், கடைசியில் அறுவை சிகிச்சைக்குப் போகும். ஜிபிஎஸ்ஸைத் தடுக்க முடியாது. இந்த இறுக்கத்தைத் தடுக்க முடியும்.

மறுவாழ்வு சிகிச்சை தனியே கற்க வேண்டிய துறை என்பதை வேலூர் சீக்கிரமே உணர்ந்தது. 1954இல் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். அந்த மரபில் பழகிய பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பது, வீட்டில் யார் குழந்தையோடு முழு நேரமும் இருப்பார் என்றுதான். பயிற்சியை அந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படுக்கையில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். பாதம் எப்போதும் காலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஸ்பிளிண்ட் என்ற தாங்கு பட்டை போட வேண்டும். தொடை வெளிப்பக்கம் சாயாமல் துண்டைச் சுருட்டி அண்டைக் கொடுங்கள். வலிக்கிறது என்று முட்டிக்கடியில் தலையணை வைத்துவிடுவது தாய்மார்கள் பாசத்தில் செய்வது. இரண்டு வாரம் அப்படியே விட்டால் முட்டி மடங்கியே இறுகும். வலிக்கு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம். உணர்வு மழுங்கிய தோல் வெந்தாலும் குழந்தைக்குத் தெரியாது.

குதிகால் நீட்டும் பயிற்சி இப்படி: முட்டி நேராக இருக்கட்டும். உங்கள் உள்ளங்கையில் குழந்தையின் குதிகாலை ஏந்திப் பிடியுங்கள், உங்கள் முன்கை அதன் உள்ளங்கால் முழுவதும் படியட்டும். குதிகாலைக் கீழே இழுத்தபடி முன்கையால் பாதத்தை மேலே சாய்த்து 30 விநாடி பிடிக்கவும். ஐந்து முறை, காலையும் மாலையும், குளித்த பின் செய்தால் இளகிக் கொடுக்கும். பெரும்பாலானோர் விரல்களைப் பிடித்து மேலே தள்ளுகிறார்கள். அதில் நடுப்பாதம் வளைந்து தட்டையாகுமே தவிர தசைநார் ஒரு இம்மியும் நீளாது.

தசைப் பயிற்சியில் எதிர்த்திசைத் தவறு நடக்கிறது. சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆசையில் களைத்துத் துவளும் வரை வேலை வாங்குகிறார்கள். பாதி நரம்புகளே வேலை செய்யும் தசை அதிகச் சுமையில் இன்னும் பலவீனப்படும். தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். புவி ஈர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடிந்தால் 3. அதற்குக் கீழே இருக்கும் தசைக்கு எடை கட்டவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பவுடர் தூவிய பலகை மேல் காலைச் சறுக்கி ஆட்டினால் போதும். 3 வந்த பிறகு ஐந்து முதல் பத்து முறை தூக்கட்டும், நாளில் நாலைந்து தடவை பிரித்து. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வது வேண்டாம். அளவுகோல் மறுநாள் காலை: எழும்போது நேற்றைவிட வலியோ தளர்ச்சியோ கூடியிருந்தால், நேற்றைய அளவில் பாதியாகக் குறையுங்கள். சிறுவயதில் போலியோ வந்து இப்போது ஐம்பது வயதில் கால் மறுபடி தளர்கிறவர்களுக்கும் இதே விதிதான் பொருந்தும்.

எழுந்து நிற்கப் பழக்குவதற்கு விலையில்லாக் கருவி நாற்காலி. உயரமான இருக்கையிலிருந்து கையை ஊன்றாமல் எழட்டும். எளிதானால் சற்றுத் தாழ்ந்த நாற்காலி, பிறகு முக்காலி, அப்புறம் மணை. தரையில் உட்கார்ந்து எழுவது கடைசிப் படி. அதற்கு இடுப்பிலும் தொடையிலும் முழுப் பலம் வேண்டும். சம்மணமிட்டுச் சாப்பிடும் வீட்டில் குழந்தை மட்டும் தனியே மேலே உட்கார வேண்டியிருக்கும், கொஞ்ச நாள் எல்லோரும் மேலே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாட்டுக் கழிப்பறையில் குந்துவது நீண்ட நாள் முடியாது, நடுவில் துளையிட்ட நாற்காலி போதும்.

விழுங்கும் தசை தளர்ந்த குழந்தைக்குத் தண்ணீர் ஆபத்து. விரைந்து ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதி தந்த பிறகு, நிமிர்ந்து உட்காரவைத்துக் கெட்டியான கேழ்வரகுக் கூழைச் சின்னக் கரண்டியில் கொடுங்கள். குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட வேண்டும்.

பாதம் தொங்கும் குழந்தைக்கு ஏஎஃப்ஓ என்ற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறை போடுவார்கள், முட்டிக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை. மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்கும்போது பாதம் செங்குத்தாக இருக்க வேண்டும். குதிகால் ஏற்கெனவே இறுகியிருந்தால் அது உறைக்குள் அடிவரை உட்காராது. குழந்தை நடக்க நடக்க மேலே ஏறும், தோல் உரியும், ஒரு வாரத்தில் உறை பரண் ஏறும். அப்படியானால் முதலில் இறுக்கத்தை எடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20, 30 நிமிடத்தில் மறைந்தால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். மறையவில்லை என்றால் செய்த இடத்துக்கே எடுத்துப்போய் அந்த இடத்தைச் சூடுபடுத்தி விலக்கச் சொல்லுங்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் வேர்வை ஊறும், முழங்கால் வரை பருத்திக் காலுறை நாளுக்கு இரண்டு ஜோடி தேவை. செருப்பு உதவாது, ஒரு அளவு பெரிய, வெல்க்ரோ போட்ட ஷூ வாங்குங்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் உறையோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கி விழும், எனவே அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். வளரும் குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உறை சிறுத்துவிடும்.

திரும்பி வந்தால்

சிகிச்சைக்குப் பிறகு தேறிய குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்குள் மறுபடி கொஞ்சம் தளரலாம். மருந்தின் வீரியம் முடிந்தும் நோயின் வீரியம் முடியாததே காரணம். மறுபடி ஐவிஐஜி கொடுப்பார்கள். ஆனால் எட்டு வாரம் தாண்டியும் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, மூன்றாம் முறை திரும்பினாலோ, அது பெரும்பாலும் சிஐடிபி என்ற நீடித்த நோய். தாக்குதல் ஓய்வதில்லை, விட்டுவிட்டு நரம்பின் உறையை உரித்துக்கொண்டே இருக்கும். குழந்தைகளில் மிக அபூர்வம். ஜிபிஎஸ்ஸுக்கு உதவாத ஸ்டீராய்டு இதற்கு உதவும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது அவசியம். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு எடை ஏறும், வளர்ச்சி குறையும், ரத்த அழுத்தம் கூடும். முகம் ஊதிவிட்டது என்று பயந்து ஒரேயடியாக நிறுத்துவது நோயைவிட ஆபத்து. ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் பக்கத்து வீட்டில் சின்னம்மை வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு சிலருக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை ஐவிஐஜி தொடரும்.

இந்த நோயோடு வாழ ஒரு நோட்டு வேண்டும். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே ஷூவோடு: நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி, 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி. தரையில் பெயின்ட்டில் கோடு போட்டுவிடுங்கள். 'கொஞ்சம் சோர்வா இருக்கான்' என்பதை வைத்து மருத்துவரால் முடிவெடுக்க முடியாது. ஆறு விநாடி மூன்று வாரத்தில் ஒன்பதானது என்றால் முடியும், கீழே விழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

எத்தனை ஐவிஐஜி கொடுத்தும் பலன் இல்லை, பாதத்தின் வளைவு உயர்ந்துகொண்டே போகிறது, சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ அப்படித்தான் கால் என்றால், பரம்பரை நரம்பு நோயாக இருக்கலாம். சொந்தத்தில் திருமணம் அதிகமுள்ள நம் பகுதியில் இந்தக் கேள்வியை மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. வீண் செலவும் வீண் ஊசியும் மிச்சமாகும்.

பள்ளியும் சான்றிதழும்

நடை வந்த பிறகும் களைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மதியத்துக்கு மேல் குழந்தை எழுத மறுத்தால் அது சோம்பலல்ல. முதலில் அரை நாள் பள்ளி, தரைத்தள வகுப்பு, இரண்டு செட் புத்தகம் (ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில்) என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பிசியோதெரபி உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கைகால் இயக்கக் குறைபாடும் நீடித்த நரம்பியல் நோய்களும் அவற்றில் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இன்னும் தேறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் காலவரையறையுள்ள தற்காலிக மாற்றுத்திறனாளிச் சான்று தருவார்கள். அதையும் வாங்குங்கள், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தரும் ஆளும் கேட்க அது உதவும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பழக்கத்தில் பலர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கே வந்து திரும்பிப் போகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.

போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், நரம்புப் பரிசோதனை அறிக்கை, ஐவிஐஜி ஏற்றிய தேதிகளும் அளவும், 60ஆம் நாள் பரிசோதனை நடந்திருந்தால் அதன் குறிப்பு, வாராந்திர நோட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளியில் கொடுத்து வையுங்கள். திடீரென்று மறுபடி தளர்ந்தால் வகுப்பாசிரியர்தான் முதலில் பார்ப்பார்.